கிறுகிறு பஸ் யாருடையது?

தொலைக்காட்சி நிலையத்தில் எல்லோருக்கும் அவள் அக்காதான். வாசல் காவலாளிக்கும் அக்கா, நிலைய இயக்குநருக்கும் அக்கா. அவளைவிட வயதில் மூத்த ஒளிப்பதிவாளர்கூட அப்படித்தான் கூப்பிட்டார். கேட்டால், "வயசுக்கு இல்லீங்க, அந்த வாய்க்கு" என்பார். நாமும் அக்கா என்றே சொல்லிவிடுவோம்.

அக்கா முதலில் குழந்தைகளுக்குத்தான் எழுதினாள். முப்பது வயதுக்குள் மூன்று புத்தகங்கள் வந்துவிட்டன. ஒன்றில் ஒரு குடைக்கு மழை என்றால் பயம். இன்னொன்றில் ஒரு எட்டுக்கால் பூச்சி செருப்புக் கடைக்குப் போய்க் கடைக்காரரைப் பாடாய்ப் படுத்தும். பத்திரிகைகள் ஒரு வரி எழுதவில்லை. ஆனால் நூலகத்தில் போய்ப் பார்த்தால் அந்த மூன்று புத்தகங்களும் மூலை மடங்கி, அட்டை கிழிந்து, யாரோ சப்பிய அடையாளத்தோடு கிடக்கும். அதைப் பார்க்கவே அவள் அவ்வப்போது போய்வருவாள்.

குடைக் கதையைத் தன் மகனுக்கு வாசித்துக் காட்டப்போய், மகன் தூங்கின பிறகும் தான் உட்கார்ந்து சிரித்த ஒரு தயாரிப்பாளர் அவளைத் தேடி வந்தார். வாரம் ஒரு நகைச்சுவைத் தொடர், எழுத ஆள் வேண்டும் என்றார். அக்கா தயங்கினாள். "எனக்குக் குழந்தைங்களுக்குத்தான் எழுத வரும்."

"குழந்தைங்களை ஏமாத்திச் சிரிக்க வைக்க முடியாதும்மா. அதையே செஞ்சவங்களுக்குப் பெரியவங்க எம்மாத்திரம்?"

அவள் கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். ஊரில் உள்ள உயரமான கட்டடங்கள் எல்லாம் அவருக்கு அத்துப்படி. நன்றாகச் சிரிப்பார், எதற்கும் சிரிப்பார், பல்லி சுவரில் வழுக்கினாலும் சிரிப்பார். அவரிடம், "ஆறு மாசம் போய்ட்டு வந்துடறேன். அப்புறம் என் வேலையைப் பார்ப்பேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். போனவள் திரும்பி வர இருபது வருடத்துக்கு மேல் ஆயிற்று.

தொடரின் பெயர் 'இந்த வீடு வாடகைக்கு இல்லை.' வீட்டு வாசலில் 'வாடகைக்கு' என்று பலகை மாட்டிவிட்டு, வருகிற ஒவ்வொருவரையும் ஏதாவது நொட்டை சொல்லி விரட்டும் ஒரு வீட்டுக்காரரின் கதை. முதல் வருடம் அது தத்தித் தத்தித்தான் நடந்தது. வீட்டுக்காரராக நடித்தவருக்கு வசனம் வந்தது, சிரிப்பு வரவில்லை.

அந்தப் படப்பிடிப்பு அரங்கில் சோபா தூக்கிப் போடும் வேலையில் ஒல்லியாக ஒருவன் இருந்தான். ஒருநாள் இயக்குநர் யாரையோ கண்டபடி திட்டிக்கொண்டிருந்தார். பின்னால் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்ற அவனுடைய ஒரு புருவம் மட்டும் மெல்ல மேலே ஏறியது. முகத்தில் வேறெதுவும் அசையவில்லை. அக்காவுக்குக் குபீரென்று சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த வாரமே அவனுக்கென்று ஒரு வாடகைக்காரன் வேடம் எழுதினாள். வசனமே கிடையாது, புருவம் மட்டும்தான். அதற்கடுத்த வாரம் ஒரு வரி கொடுத்தாள். மறுவருடம் அவன்தான் வீட்டுக்காரன். ஊரே அவனைப் புருவம் என்று கூப்பிட்டது.

புருவத்துக்குச் சிரிக்க வைக்கத் தெரியும், எப்போது என்றுதான் தெரியாது. அக்கா அரங்கின் ஓரத்தில் நின்றுகொண்டு அவனுடைய வரிகளை அவன் குரலிலேயே சொல்லிக் காட்டுவாள். "சொல்லி முடிச்ச உடனே புருவத்தைத் தூக்காதேடா. ஜனங்க என்ன சொன்னான்னு யோசிக்கட்டும். அவங்க மூச்சு விடற நேரம் பார்த்துத் தூக்கு." அவன் தூக்கினான். அரங்கம் அதிர்ந்தது.

"நீங்க வாய்க்கா, நான் வெறும் முகம்" என்பான் அவன். அதை மனதாரத்தான் சொன்னான். அவனுக்கு எந்த வார்த்தை இயல்பாக வரும், எந்த எழுத்தில் நாக்குத் தடுக்கும், எங்கே மூச்சு முட்டும் என்று அவன் மனைவியைவிட அக்காவுக்குத் தெரியும். அவன் வெளியில் பேட்டி கொடுத்தால்கூட, பதில்களை முந்தின நாள் அவளிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போவான். விருந்தில் நாலு பேர் முன்னால் அவன் சொல்லும் ஜோக்கும் அவள் கொடுத்ததாகத்தான் இருக்கும்.

புருவத்தின் மனைவி நர்ஸ். சாயங்கால ஷிஃப்ட் விழும் நாட்களில் பள்ளி வேன் அவர்களுடைய மகளை நிலைய வாசலில் இறக்கிவிட்டுப் போகும். எல்லோருக்கும் பாப்பா. அப்பாவுக்கு அக்கா என்பதால் பாப்பாவுக்கு அவள் அத்தை.

ஒருநாள் பாப்பா படியிலேயே வாந்தி எடுத்துவிட்டு, வெளிறிப்போய் நின்றது. வேனில் வளைவு வந்தாலே அதற்குத் தலை சுற்றும். வேனில் இருந்த பிள்ளைகள் "வாந்தி, வாந்தி" என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். அப்பா உள்ளே விளக்குகளுக்குக் கீழே நடித்துக்கொண்டிருந்தான். அக்கா குழந்தையை ஒப்பனை அறைக்குத் தூக்கிப் போய், முகம் கழுவி, சுழல் நாற்காலி வேண்டாம் என்று ஸ்டூலில் உட்கார வைத்தாள்.

"நான் இனிமே எதுலயும் ஏறமாட்டேன்" என்று பாப்பா விம்மியது.

"உனக்கு மட்டுமா வருது? எனக்குத் தெரிஞ்ச ஒரு பஸ்ஸுக்கே வரும்."

"பஸ்ஸுக்கா?"

"ஆமா. அது ஓடினா அதுக்கே தலை சுத்தும்."

"பஸ்ஸுக்குத் தலை எங்க இருக்கு?"

"அதுதானே அதோட கஷ்டம்! எது சுத்துதுன்னே அதுக்குத் தெரியாது."

பாப்பா மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தது. அப்படித்தான் கிறுகிறு பஸ் பிறந்தது. ஒவ்வொரு வளைவிலும் அது, "கொஞ்சம் இருங்க, உலகம் நிக்கட்டும்" என்று சொல்லி நின்றுவிடும். பயணிகள் முணுமுணுத்துக்கொண்டே இறங்குவார்கள். இறங்கின இடத்தில் ஏதாவது ஒன்று நடக்கும். வளைவுக்கு ஒரு கதை. அந்த ஊரிலோ வளைவுக்குப் பஞ்சமே இல்லை.

"அதுக்கு எப்ப அத்தை குணமாகும்?" என்று ஒருமுறை பாப்பா கேட்டது.

"எதுக்குக் குணமாகணும்? நின்னு நின்னு போனா ஆச்சு."

இப்படியே பாப்பா வளர்கிறவரை அந்த அறையில் கதை ஓடியது. பஸ் தவிர வேறு கதைகளும் உண்டு. காலமெல்லாம் நின்றுகொண்டே இருந்து அலுத்துப்போய், ஒரே ஒரு தடவை உட்கார்ந்து பார்க்க ஆசைப்பட்ட ஏணி ஒன்று. அந்த ஏணிக் கதையைச் சொல்லும்போதெல்லாம் பாதியில் பாப்பாவின் அம்மா வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவாள். அக்கா எதையும் எழுதி வைக்கவில்லை. எழுதினால் கெட்டிப்பட்டுவிடும், இன்னும் கொஞ்சம் வாயிலேயே கிடந்து ஊறட்டும் என்பது அவள் எண்ணம். தொலைக்காட்சியை முடித்துவிட்டு எழுதப்போவது இந்தக் கதைகளைத்தான் என்று அவள் உள்ளுக்குள் முடிவு செய்து வைத்திருந்தாள்.

தொடர் முடிந்தது. புருவம் தன் பெயரிலேயே வாராந்திர நிகழ்ச்சி நடத்தும் அளவுக்குப் பெரிய ஆளானான். அக்கா அதற்கும் எழுதினாள், வேறு வேறு தொடர்களுக்கும் எழுதினாள். கடைசியில் நிலையத்துக்குப் புது நிர்வாகம் வந்தது. நீள மேசையைச் சுற்றி இளைஞர்கள் மடிக்கணினிகளோடு உட்கார்ந்தார்கள். அவள் ஒரு காட்சி சொன்னால், "நல்லாருக்குக்கா, ஆனா..." என்பார்கள். அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் வரவேண்டியதை அவர்கள் சொல்லாமலே அவள் புரிந்துகொண்டாள். வருத்தப்படவில்லை. உள்ளூர ஒரு துள்ளல்கூட இருந்தது.

வழியனுப்பு விழாவுக்குப் புருவம் வந்தான். தொந்தி விழுந்திருந்தது. கட்டிப்பிடித்துக்கொண்டு, "அக்கா இல்லாம இந்தக் கட்டடத்துல எனக்கு என்னக்கா இருக்கு" என்றான். கண் கலங்கியிருந்தது.

"அழாதேடா. நான் இனிமே கிறுகிறு பஸ்ஸை எழுதப்போறேன்."

"பாப்பாவுக்குச் சொல்வீங்களே, அந்தப் பஸ்ஸா? அது இன்னும் ஓடுதா?"

"ஓடலை, நின்னுட்டுத்தான் இருக்கு. இப்பதான் கிளப்பணும்."

"கிளப்புங்கக்கா. முதல் டிக்கெட் எனக்கு" என்றான் அவன்.

வசனம் எழுதும் வேகம் கதைக்கு வரவில்லை. ஜன்னலோரத்து மேசையில் உட்கார்ந்து ஒரு வளைவை எழுத ஒரு பருவமே ஆயிற்று. நாலு முறை அடித்து எழுதினாள். கணவருக்கு வாசித்துக் காட்டினாள். அவர் எல்லா வரிக்கும் சிரித்தார், சிரிக்கக் கூடாத வரிக்கும் சிரித்தார். "உங்களை நம்பி ஒரு கமாகூடப் போட முடியாது" என்று அவள் அலுத்துக்கொண்டாள். ஆனால் எழுதி முடித்த அன்று அவளுக்கே தெரிந்துவிட்டது, தன் கையால் எழுதினதிலேயே இதுதான் சிறந்தது என்று.

தன் மூன்று புத்தகங்களையும் போட்ட அதே பதிப்பாளரிடம் கொண்டுபோனாள். அவருக்கும் தலை நரைத்திருந்தது. மகிழ்ச்சியாக வாங்கி, முதல் பக்கத்தைப் படித்தார். இரண்டாவது பக்கத்தில் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"என்ன சார், பிடிக்கலையா?"

அவர் எழுந்துபோய் அலமாரியிலிருந்து பளபளப்பான ஒரு புத்தகத்தை எடுத்து வந்து மேசையில் வைத்தார். மஞ்சள் நிறப் பஸ். அதன் முகப்பு விளக்கு ஒன்றின் மேல் ஒரு புருவம் தூக்கியிருந்தது. 'கிறுகிறு பஸ்' என்று எழுதி, கீழே புருவத்தின் பெயர்.

"வேற பதிப்பகம் போட்டது. இப்பதான் வந்துச்சு. என் பேத்தி இதைக் கட்டிப்பிடிச்சுட்டுத்தான் தூங்கறா" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவரோட ரொம்ப வருஷம் வேலை பார்த்திருக்கீங்க. காதுல விழுந்தது மனசுல தங்கிடும். நம்மளோடதுன்னு நினைச்சு நாமே எழுதிடுவோம். எத்தனையோ பேருக்கு நடந்திருக்கு. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

அவள் திருடியதாக அவர் நினைக்கிறார், நினைத்ததோடு நிற்காமல் மன்னிக்கவும் செய்கிறார் என்று புரிய அக்காவுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. காலமெல்லாம் அடுத்தவருக்கு வாய் கொடுத்தவள், தனக்கென்று ஒரு வார்த்தை கிடைக்காமல், தாள்களை அடுக்கி எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வழியில் கடையில் ஒரு பிரதி வாங்கி, நடைபாதையில் நின்றே படித்தாள். "கொஞ்சம் இருங்க, உலகம் நிக்கட்டும்." அப்படியே இருந்தது. பஸ்ஸுக்குத் தலை எங்கே என்ற கேள்வியும் இருந்தது. முடிவு மட்டும் வேறு. பஸ் ஏதோ மருந்தைக் குடித்து, தலைசுற்றல் போய், பந்தயத்தில் எல்லா வண்டிகளையும் முந்தி, கோப்பை வாங்கியது. திருட்டைக்கூட அவள் அப்போது மறந்துவிட்டாள். "அடப்பாவி, குணமாக்கிட்டியேடா" என்றுதான் அவள் வாயில் வந்தது. பக்கத்தில் நின்ற ஆள் திரும்பிப் பார்த்தான்.

நேராகப் புருவத்தின் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்தவன் முகம் மலர்ந்தது, பிறகு அவள் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தான். மலர்ந்தது அப்படியே நின்றது.

"வாங்கக்கா. நானே வந்து குடுக்கணும்னு இருந்தேன்."

"எதை?"

"புத்தகத்தைத்தான். உட்காருங்க. காபி சொல்லட்டுமா?"

"இது யாரு கதைடா?"

அவன் சோபாவின் நுனியில் உட்கார்ந்தான். "நம்ம கதைதானேக்கா."

"நீ எப்ப அதுல வந்தே? நான் அதைச் சொன்னப்ப நீ அந்த ரூம்லயே இல்லை."

"அக்கா, கோவப்படாம கேளுங்க. எனக்கு இப்ப நிகழ்ச்சி இல்லை, நிறுத்திட்டாங்க, தெரியுமா? போன் அடிக்கவே இல்லை. அப்ப ஒரு பதிப்பகம் வந்து, குழந்தைங்களுக்கு ஒரு புத்தகம் குடுங்கன்னாங்க. என்கிட்ட என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லைன்னு சொல்லியிருக்கலாமே."

அவன் கொஞ்ச நேரம் கையைப் பிசைந்தான். பிறகு, அவளைப் பார்க்காமல், முதல்முறையாக அவள் எழுதிக் கொடுக்காத ஒரு பேச்சைப் பேசினான். "இருபது வருஷம் நான் பேசினதெல்லாம் நீங்க எழுதினது. பேட்டிகூட நீங்க எழுதினது. ஊரு என்னைப் பார்த்துத்தான் சிரிச்சுது, நீங்க ஒருநாளும் அது என்னோடதுன்னு கேட்கலை. எது என் வார்த்தை, எது உங்க வார்த்தைன்னு எனக்குப் பிரிச்சுப் பார்க்கவே தெரியலைக்கா. இதை மட்டும் எப்படிப் பிரிக்கிறது?"

"அதெல்லாம் உனக்காக எழுதினது. இது எனக்காக வெச்சிருந்தது. வெச்சிருக்கேன்னு உன்கிட்டதானே சொன்னேன்? முதல் டிக்கெட் எனக்குன்னு கேட்டியே?"

அவன் எழுந்தான், திரும்ப உட்கார்ந்தான்.

"பாப்பாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் அக்கா. தெரிந்தால் அவள் சும்மா இருக்கமாட்டாள் என்ற நம்பிக்கையில்தான் கேட்டாள்.

புருவம் தரையைப் பார்த்தான். "பாப்பாதான்க்கா எழுதிக் குடுத்தா."

பாப்பா இப்போது கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். ஒரு பெண் குழந்தைக்குத் தாய். அக்கா மறுநாள் அங்கே போனபோது கடையில் கூட்டம் இல்லை. பாப்பா அவளைப் பரிசோதனை அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். எதிர்ச் சுவரில் பெரிய எழுத்து முதல் சின்ன எழுத்துவரை ஒளிர்ந்துகொண்டிருந்தது.

"வருவீங்கன்னு தெரியும் அத்தை."

"தெரிஞ்சும் செஞ்சியா?"

"அப்பா ஜன்னலையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்தார். நீங்க பார்க்கலை, நான் பார்த்தேன். சாப்பிடக் கூப்பிட்டாக்கூட எழுந்திருக்கமாட்டார். நான் என் பொண்ணுக்கு அந்தக் கதையைச் சொல்லிட்டு இருந்தேன். வாசல்ல நின்னு கேட்டவர், ரொம்ப நாள் கழிச்சு சிரிச்சார். அப்ப தோணுச்சு."

"அப்ப என் ஞாபகம் வரலையா?"

"வந்துச்சு." பாப்பாவின் குரல் கெட்டியானது. "ஆனா அது எனக்குச் சொன்ன கதை. எனக்கு வாந்தி வந்ததுக்கு எனக்குக் குடுத்தது. எனக்குக் குடுத்ததை நான் அப்பாவுக்குக் குடுத்தேன். அதுல என்ன தப்பு?"

"குடுத்தேன்தான். பேரை உரிச்சுட்டா குடுத்தேன்?"

பாப்பா மேசையில் கிடந்த லென்ஸ்களை வரிசையாக அடுக்கினாள்.

"இப்ப நீ ஒரு வார்த்தை சொல்லணும். இது அத்தையோட கதைன்னு, உன் வாயால. வேற ஒண்ணும் வேண்டாம். எனக்கு வேற சாட்சி இல்லை பாப்பா. அந்த ரூம்ல நாம ரெண்டு பேர்தான் இருந்தோம்."

"சொன்னா அப்பாவை எல்லாரும் திருடன்பாங்க அத்தை."

"சொல்லலைன்னா என்னை அப்படிச் சொல்றாங்க."

பாப்பா எதிரே இருந்த எழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில், "அவர் என் அப்பா" என்றாள். அதற்குமேல் என்ன இருக்கிறது? அத்தை என்று வாய் நிறையக் கூப்பிட்டாலும் ரத்தத்தில் அத்தையா என்ன? அக்கா எழுந்து வந்துவிட்டாள்.

விஷயம் கேட்டு அவள் கணவர் கொதித்தார். வக்கீலிடம் போகலாம் என்றார். "எதைக் காட்டறது? காத்துல சொன்னதுக்கு யார் முத்திரை குத்துவா?" என்றாள் அவள். அவர் கருவிப் பையை எடுத்துத் திறந்தார், மூடினார், திரும்பத் திறந்தார். எந்தத் திருப்புளியும் அதற்கு உதவாது.

அந்த நேரம் பார்த்து நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. 'இந்த வீடு வாடகைக்கு இல்லை' தொடங்கிய நாளைக் கொண்டாட ஒரு நேரலை நிகழ்ச்சி. பழையவர்கள் எல்லோரும் மேடையில் உட்காரவேண்டும். கணவர் போகாதே என்றார். அவள் போனாள். ஊர் முன்னால் கேட்டால் ஒரு வார்த்தை சொல்லலாம், அதை யாரும் வெட்ட முடியாது என்று நினைத்தாள்.

மேடையில் அந்தப் பழைய வாசற்கதவையும் பலகையையும் மாட்டியிருந்தார்கள். புருவம் நடு நாற்காலியில் இருந்தான். பாப்பா முதல் வரிசையில் தன் மகளை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். பழைய கதைகளைப் பேசினார்கள், சிரித்தார்கள். பிறகு தொகுப்பாளினி மஞ்சள் புத்தகத்தை உயர்த்திக் காட்ட, அரங்கில் இருந்த குழந்தைகள் கத்தினார்கள்.

"இந்தப் பஸ் எங்கிருந்து சார் வந்துச்சு?"

"என் பொண்ணுக்குச் சின்ன வயசுல வேன்ல போனா வாந்தி வரும்" என்றான் புருவம், தங்குதடையில்லாமல். "அவளைச் சமாதானப்படுத்த ஒருநாள் சொன்னேன், உனக்கென்னடி, ஒரு பஸ்ஸுக்கே வருதுன்னு." கேமரா பாப்பாவைக் காட்டியது. பாப்பா தலையாட்டினாள். மேலும் கீழுமாக, ஒரே ஒரு தடவை. பெரிய திரையில் அது பெரிதாகத் தெரிந்தது.

தொகுப்பாளினி அக்காவின் பக்கம் திரும்பினாள். "இவரை முதல்ல கண்டுபிடிச்சதே நீங்கதான். இவர் இப்படிக் குழந்தைங்க எழுத்தாளர் ஆவார்னு அப்பவே நினைச்சீங்களா?"

அக்கா ஒலிவாங்கியைக் கையில் எடுத்தாள். "அந்தப் பஸ் என்னோடது" என்றாள். "அந்தக் கதையைச் சொன்னது நான். இவன் எடுத்துக்கிட்டான்."

அரங்கம் ஒரு கணம் அமைதியானது. என்ன சொன்னாள் என்று யோசிக்கிற அமைதி. புருவம் அசையவில்லை. பொறுத்தான். ஜனங்கள் மூச்சு விடுகிற அந்த நேரம் பார்த்து, ஒரே ஒரு புருவத்தை மெல்லத் தூக்கினான்.

இடி இடித்ததுபோல் சிரிப்பு. முன்வரிசையில் ஒருவர் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். தொகுப்பாளினிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "அக்கா, நீங்க மாறவே இல்லை!" அக்கா மீண்டும் ஒலிவாங்கியை உயர்த்தி, "நான் விளையாடலை" என்றாள். அதற்கு முன்னைவிடப் பெரிய சிரிப்பு. அவளுடைய சிரிப்பு அது. எங்கே வரும், எவ்வளவு நேரம் நிற்கும், எப்போது அடங்கும் என்று அவளுக்கு அளந்து வைத்தாற்போலத் தெரியும். அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவள் இனி எதைச் சொன்னாலும் ஜோக்தான் என்றும் தெரிந்தது. பாப்பா மட்டும் சிரிக்கவில்லை. மகளின் உச்சந்தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினாள்.

நிகழ்ச்சி முடிந்து நடைவழியில் புருவம் பின்னாலேயே ஓடி வந்தான். வியர்த்திருந்தது. "அக்கா, நல்லவேளை காப்பாத்திட்டேன். இல்லைன்னா ஜனங்க உங்களை என்னன்னு நினைச்சிருப்பாங்க?"

அவன் நடிக்கவில்லை. தான் உதவி செய்ததாகவே நம்பினான். அதைப் பார்த்ததும்தான் அவளுக்குள் ஏதோ ஒன்று அற்றுப்போயிற்று. "நான் உனக்குச் சொல்லிக் குடுத்த எல்லாத்தையும் ஒழுங்காக் கத்துக்கிட்டேடா" என்று சொல்லிவிட்டு நடந்தாள். அவன் அதையும் பாராட்டாக எடுத்துக்கொண்டானோ என்னவோ.

அதன் பிறகு அவள் அவனைப் பார்க்கவில்லை.

சில மாதம் கழித்து, ஒரு மதியம், பாப்பா வீட்டுக்கே வந்தாள். தனியாகத்தான் வந்தாள். அக்கா உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தாள். வீடு தேடி வந்தவளை வாசலில் நிறுத்த அவளுக்குத் தெரியாது. பாப்பா தண்ணீரைக் குடித்துவிட்டுத் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். உடல்நலம் கேட்டாள். மாமா எங்கே என்று கேட்டாள். பிறகு மெதுவாக வந்தாள் விஷயத்துக்கு.

"அத்தை, அந்த ஏணிக் கதை... கடைசியில ஏணி உட்கார்ந்துச்சா?"

அக்கா அவளையே பார்த்தாள்.

"முடிவு எனக்குத் தெரியாது. அம்மா எப்பவும் நடுவுலயே வந்துடுவாங்க."

"எதுக்கு இப்ப?"

"சும்மாதான். என் பொண்ணு கேட்கறா. தினம் பாதிவரைக்கும் சொல்றேன், மீதி சொல்லுன்னு அடம் பிடிக்கறா."

புருவத்தின் இரண்டாவது புத்தகம் வரப்போவதாகப் பதிப்பகம் விளம்பரம் செய்திருந்தது அக்காவுக்குத் தெரியும். பாப்பாவின் கண் தம்ளரை விட்டு நிமிரவில்லை. ஆனால் ஒரு குழந்தை பாதிக் கதையோடு படுத்துத் தூங்குகிறது என்பதும் பொய்யாக இருக்க வேண்டியதில்லையே. இரண்டுமே உண்மையாக இருக்கலாம்.

"உன் பொண்ணைக் கூட்டிட்டு வா" என்றாள் அக்கா. "அவளுக்கு முடிவைச் சொல்றேன். அவ காதுல மட்டும். நீ வெளிய உட்கார்ந்திரு."

பாப்பாவின் முகம் சிவந்தது. "என்னை நம்பமாட்டீங்களா அத்தை?"

"எப்படி பாப்பா?" என்று கேட்டாள் அக்கா. கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே வழி தெரிந்தால் சொல்லேன் என்பதுபோலக் கேட்டாள்.

பாப்பா தம்ளரைக் கீழே வைத்தாள். "சரி, கூட்டிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். அக்கா நிஜமாகவே காத்திருந்தாள். மதியம் தூங்காமல், வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்து பார்த்தாள். பாப்பா குழந்தையைக் கூட்டிக்கொண்டு வரவே இல்லை. அந்த இரண்டாவது புத்தகம் வந்தபோது அதில் ஏணி இருந்தது. கடைசிப் பக்கத்தில் அது நாற்காலியாக மாறிப்போயிருந்தது.

அக்கா தன் ஏணிக் கதையைத் தானும் புத்தகமாகப் போட்டாள். நரைத்த பதிப்பாளர், முகம் கொடுத்துப் பேச முடியாமல், தயங்கித் தயங்கித்தான் போட்டார். ஒரு பத்திரிகை, புருவத்தின் பாணியைப் பின்பற்றி வந்திருக்கும் சுமாரான முயற்சி என்று இரண்டு வரி எழுதியது. அவள் வாழ்நாளில் பத்திரிகையில் வந்த முதல் விமர்சனம் அது. கணவர் அதைக் கிழித்துப் போட்டார். அவள் அடுத்ததை எழுத உட்கார்ந்தாள்.

இப்போதும் எழுதுகிறாள். புதுசு புதுசாக, ஒருவருக்கும் சொல்லாத கதைகள். நூலகத்தில் கூப்பிட்டால் போகிறாள். தரைவிரிப்பில் பிள்ளைகள் சம்மணமிட்டு உட்கார, அச்சான புத்தகத்தைத் திறந்து, அதில் உள்ளதை உள்ளபடி வாசிக்கிறாள். போன முறை ஒரு பெண் குழந்தை அவள் முழங்காலைப் பிடித்து ஆட்டி, "புக்ல இல்லாத கதை சொல்லுங்க பாட்டி. இப்பவே நீங்களா ஒண்ணு சொல்லுங்க" என்றது.

வாய்வரைக்கும் ஒன்று வந்துவிட்டது. ஒரு ஜன்னலைப் பற்றி, நல்ல தொடக்கம். அக்கா வாயை மூடிக்கொண்டாள்.

"அப்படி எதுவும் இல்லை கண்ணு" என்றாள். பக்கத்தைத் திருப்பினாள்.